பென்டிரைவில் ஃபயர்பாக்ஸ்: நாலாவது முயற்சியில்தான் அடங்கியது

மூன்று முறை கவிழ்ந்த பிறகு ஒருவழியாக ஓடுகிறது. கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. 64 ஜி.பி. பென்டிரைவில் ஃபயர்பாக்ஸ், கூடவே புக்மார்க், ஆட்-ஆன், திறந்து வைத்த டேப் எல்லாம் இருக்க வேண்டும். செருகுகிற கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது, அட்மின் பாஸ்வேர்டும் கேட்கக் கூடாது.

நோட்பேட்++, சுமத்ரா பி.டி.எஃப்., இர்ஃபான்வியூ, கீபாஸ் எதுவும் தகராறு செய்யவில்லை. நோட்பேட்++ ஃபோல்டரில் 'டூலோக்கல்கான்ஃப்' என்ற எக்ஸ்.எம்.எல். ஃபைல் இருந்தால் போதும், செட்டிங்ஸை அங்கேயே வைத்துக்கொள்ளும். வி.எஸ். கோடின் ஜிப்பைப் பிரித்து, பக்கத்தில் 'டேட்டா' என்று காலி ஃபோல்டர் ஒன்றைப் போட்டால் அதுவும் போர்ட்டபிள், அதாவது இன்ஸ்டால் இல்லாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். பிரவுசர்தான் உயிரை வாங்கியது.

முதல் முயற்சி, போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்தின் ஃபயர்பாக்ஸை அப்படியே பென்டிரைவில் வைத்தது. குறை, அதைக் கிளப்பிவிடும் லாஞ்சர் என்ற குட்டி புரோகிராமில் இல்லை. டிரைவ் எழுத்து ஈ-யிலிருந்து எஃப்-க்கு மாறினாலும் சரிக்கட்டிக்கொள்கிறது, வேலையைச் சுத்தமாகத்தான் செய்கிறது. ஆனால் டேப் மாற்றினால் நாலு விநாடி வெள்ளைத் திரை, மூடினால் அரை நிமிடம் பிராசஸ் சாகாமல் கிடக்கும். டிஸ்க் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டியதும் காரணம் தெரிந்தது. வரிசையாகப் படிப்பது விநாடிக்கு 110 எம்.பி., வரிசையாக எழுதுவது 18. கடைசி வரி, அதாவது 4 கே.பி. துண்டுகளை அங்கங்கே எழுதுவது, 0.02. பென்டிரைவ் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான். அட்டையில் அச்சடித்திருப்பது எப்போதும் முதல் எண்.

0.02 எம்.பி. என்றால் விநாடிக்கு 20 கே.பி.; 4 கே.பி. துண்டாக ஐந்தே ஐந்து. ஆயிரம் துண்டு எழுத 200 விநாடி. ஃபிளாஷ் மெமரியில் எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக நடந்தாலும் அழிப்பது பெரிய பிளாக்காகத்தான் நடக்கும். அந்த மெமரியை நிர்வகிக்கும் மலிவான கன்ட்ரோலர் சிப் 4 கே.பி.யை மாற்ற வேண்டும் என்றால் பிளாக்கில் மிச்சமிருப்பதையும் எடுத்து வேறிடத்தில் எழுதிவிட்டுத்தான் மூச்சு விடும். ஃபயர்பாக்ஸோ எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஹிஸ்டரி, குக்கி, ஃபேவிக்கான் ஒவ்வொன்றும் தனி டேட்டாபேஸ். எழுதுவது டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று அடிக்கடி உறுதி கேட்கும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து கழற்றி மாட்டும் டிரைவ்களுக்கு 'குவிக் ரிமூவல்' தான் டீஃபால்ட். சட்டென்று உருவினாலும் பழுதாகாமல் இருக்க ரைட் கேஷை (எழுத வேண்டியதை மெமரியில் சேர்த்து வைத்துப் பிறகு எழுதும் வசதியை) நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது முயற்சி, ஃபயர்பாக்ஸின் உள் செட்டிங்ஸ் பக்கமான 'அபவுட்:கான்ஃபிக்' திறந்து டிஸ்க் கேஷை அணைத்தது. டேப்களைச் சேமிக்கும் இடைவெளி 15,000 மில்லிவிநாடி என்று இருக்கும். அதை 6,00,000 ஆக்கியாயிற்று. கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்குள் கரண்ட் போனால் திறந்திருந்த டேப் போச்சு. ஹிஸ்டரி, குக்கி எழுதுவதும் குறையவில்லை. வியாதிக்கு மருந்து இல்லை, வலிக்கு மாத்திரை.

ஆகவே மூன்றாவது முயற்சியில் புரொஃபைலையே (புக்மார்க், ஹிஸ்டரி, குக்கி, ஆட்-ஆன் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) பென்டிரைவில் ஓட விடவில்லை. திறக்கும்போது கம்ப்யூட்டரின் டெம்ப் ஃபோல்டருக்குக் காப்பி, அங்கே ஓட்டம், மூடியதும் திரும்பக் காப்பி. போர்ட்டபிள்ஆப்ஸ் லாஞ்சரின் ஐ.என்.ஐ. ஃபைலில் 'ரன்லோக்கலி' என்று ஒரு வரி உண்டு. அதை நம்பி ஏமாற வேண்டாம். அது சி.டி. மாதிரி எழுத முடியாத மீடியாவுக்கானது. டெம்ப்புக்கு எடுத்துப் போகும், திரும்பக் கொண்டு வராது. எனவே சொந்தமாக ஒரு பேட்ச் ஃபைலும் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்), விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையும்.

இங்கே மாட்டிய பொறிகள் மூன்று. பேட்ச் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் தருகிற வேரியபிள் (சதவீதக் குறி, டில்டே, டி, பி, பூஜ்ஜியம்) எப்போதும் பேக்ஸ்லாஷில்தான் முடியும். அதை அப்படியே மேற்கோளுக்குள் போட்டால் கடைசி பேக்ஸ்லாஷும் மேற்கோளும் சேர்ந்து ரோபோகாப்பியைக் குழப்பி, அடுத்த பாதையையும் இதோடு ஒட்டிவிடும். பேக்ஸ்லாஷுக்கும் மேற்கோளுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தால் சரியாகிவிடும். அடுத்தது, பூட்டிக் கிடக்கும் ஃபைலில் முட்டிக்கொண்டால் ரோபோகாப்பி விடாமல் முயலும். டீஃபால்ட் பத்து லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி இடைவெளி. ஆர் ஸ்விட்சுக்கு (எத்தனை முறை) 2, டபிள்யூ ஸ்விட்சுக்கு (எத்தனை விநாடி) 2 கொடுக்காமல் ஓட்டவே கூடாது. மூன்றாவது, அது திருப்பித் தரும் எண்ணில் 0 முதல் 7 வரை நல்ல சேதி. 8-லிருந்துதான் கெட்டது. 'பூஜ்ஜியம் இல்லை என்றால் தவறு' என்று எழுதிவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க இல்லாத தவற்றைத் தேடியது வீண்.

இவையெல்லாம் சில்லறை. உண்மையான பேய், ஃபயர்பாக்ஸ் மூடிவிட்டதா என்று தெரிந்துகொள்வது.

பேட்ச் ஃபைலில் 'ஸ்டார்ட்' கட்டளையோடு 'வெயிட்' ஸ்விட்ச் போட்டால் புரோகிராம் முடியும் வரை காத்திருக்கும் என்பது பாலபாடம். ஃபயர்பாக்ஸில் அது பொய்த்துப் போகும். விண்டோஸில் நாம் கூப்பிடும் எக்ஸ்.இ. முதலில் ஒரு லாஞ்சர் பிராசஸாகத்தான் எழுகிறது. நிஜ பிரவுசரைக் கிளப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது. 'வெயிட்' காத்திருந்தது அந்த லாஞ்சருக்கு. ஜன்னல் திறந்து முடிவதற்குள் பேட்ச் ஃபைல் அடுத்த வரிக்குப் போய், பாதி எழுந்த புரொஃபைலை 'மிரர்' முறையில் பென்டிரைவுக்குத் திருப்பி எழுதி, டெம்ப் ஃபோல்டரை அழிக்கவும் கிளம்பிவிட்டது. மிரர் என்றால் மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழிக்கும். அடுத்த தடவை பூட்டில்லாத ஃபைல்கள் காணாமல் போன அரைகுறை ஃபோல்டர் மூலமானது. பென்டிரைவில் இருந்த நல்ல புரொஃபைலும் அதே கதிக்கு ஆளானது. புக்மார்க் மட்டும் 'புக்மார்க்பேக்கப்ஸ்' ஃபோல்டரின் பழைய காப்பியிலிருந்து மீண்டது.

இதற்கு ஃபயர்பாக்ஸிடமே 'வெயிட் ஃபார் பிரவுசர்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு (மூன்று சொற்களுக்கும் நடுவில் சிறுகோடு). அதைக் கொடுத்தால் லாஞ்சர் பிரவுசர் சாகும் வரை கூடவே நிற்கும். ஆனால் அதுவும் முழுக் காவல் இல்லை. அப்டேட்டுக்காகவோ வேறு எதற்கோ ஃபயர்பாக்ஸ் தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டால் பழைய பிராசஸ் போய்ப் புதியது வரும். காத்திருந்தவன் ஏமாந்து அடுத்த வரிக்குப் போய்விடுவான்.

எனவே இரண்டாவது பூட்டு. புரொஃபைல் ஃபோல்டரில் 'பேரன்ட்.லாக்' என்று ஒரு ஃபைல் இருக்கும், அளவு பூஜ்ஜியம். அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பிரயோசனம் இல்லை. விண்டோஸில் பிரவுசர் மூடிய பிறகும் அது அங்கேயே கிடக்கும். அதை அழித்துப் பார்க்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் உயிரோடு இருந்தால் அழிக்க விடாது; செத்திருந்தால் அழியும். 5 விநாடி காத்திரு, அழித்துப் பார், இன்னும் இருந்தால் திரும்பவும் காத்திரு என்று ஒரு வளையம். முதல் சுற்றுக்கு முன் தனியாக 5 விநாடி விட வேண்டும், இல்லையென்றால் ரீஸ்டார்ட்டின் நடு இடைவெளியில் அழித்துவிட்டு 'செத்துவிட்டது' என்று முடிவு கட்டும். ரீஸ்டார்ட்டையே குறைக்க, ஃபயர்பாக்ஸ் ஃபோல்டருக்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்' ஃபோல்டர் போட்டு, பாலிசி ஃபைலில் ஆப் அப்டேட்டை அணைத்தாயிற்று. மாதம் ஒருமுறை கையால் அப்டேட்.

வளையம் முடிந்ததும் இன்னொரு பார்வை: ஹிஸ்டரி டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் 'வால்' என்ற வாலோடு ஒரு ஃபைல் ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தமாக மூடவில்லை என்று அர்த்தம். அப்போது பழைய காப்பியில் கை வைக்காமல் ஜன்னலில் சேதி காட்டி நின்றுவிடும்.

மூடுவது தெளிந்தது, வேகம் தெளியவில்லை. புரொஃபைலில் ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல். ஒவ்வொன்றுக்கும் டைரக்டரி பதிவு, அலொகேஷன் பதிவு என்று தனித்தனியாக எழுத, பழையபடி நிமிடக் கணக்கு. நாலாவது முயற்சியின் சாரம் இதுதான்: பென்டிரைவுக்குச் சில்லறையாகக் கொடுக்காதே, மூட்டையாகக் கொடு. புரொஃபைல் முழுவதும் பென்டிரைவில் ஒரே ஒரு 7இசட் ஃபைல் (ஜிப் மாதிரி, செவன்ஜிப் அமுக்கிக் கட்டுவது). திறக்கும்போது டெம்ப்பில் பிரிக்கிறது; மூடியதும் டெம்ப்பிலேயே கட்டி, ஒரே ஃபைலாகக் காப்பி. 80 எம்.பி. மூட்டை விநாடிக்கு 18 எம்.பி. வேகத்தில் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும்.

கட்டும்போது கேஷ்2, ஸ்டார்ட்அப்கேஷ், தம்ப்நெயில், கிராஷ் ஃபோல்டர்களை விலக்கியாயிற்று. '-புரொஃபைல்' ஸ்விட்சால் வேறிடத்தைக் காட்டும்போது டிஸ்க் கேஷும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே வந்து உட்காரும். விலக்காவிட்டால் மூட்டை ஒரு வாரத்தில் ஊதிவிடும். அமுக்கும் அளவு 1 போதும், 9 வைத்தால் பழைய டூயல் கோர் சிஸ்டத்தில் காத்துக் கிடக்க வேண்டும். பாஸ்வேர்டு போட 'செவன்ஜிப் எக்ஸ்ட்ரா' பேக்கேஜில் வரும் '7இசட்ஏ' வேண்டும். ஃபைல் பெயர்களையும் மறைக்கத் தனி ஸ்விட்ச் உண்டு.

வரிசை முக்கியம். டெம்ப்பில் கட்டு. செவன்ஜிப் திருப்பித் தரும் எண் 0 என்றால் மட்டும் மேலே போ (1 என்றால் ஏதோ ஒரு ஃபைலை எடுக்க முடியவில்லை). அதன் டெஸ்ட் கட்டளையால் சோதி. பென்டிரைவில் 'புதியது' என்ற பெயரில் எழுது. பிறகு 'இன்றையது' என்பதை 'நேற்றையது' ஆக்கு, 'புதியது' என்பதை 'இன்றையது' ஆக்கு. நடுவில் யாராவது உருவினாலும் ஏதோ ஒரு நல்ல மூட்டை மிஞ்சும். காப்பி ஆனதும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. பெரும்பாலும் விண்டோஸ் தன் மெமரியில் இருப்பதையே படித்து 'சரி' என்று சொல்லிவிடும்.

இன்னொரு எரிச்சல், 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்தால் டிரைவ் உபயோகத்தில் இருக்கிறது என்று அடம். பேட்ச் ஜன்னலின் நடப்பு ஃபோல்டரே பென்டிரைவில் இருந்ததுதான் காரணம். முதல் வரியிலேயே டெம்ப்புக்கு மாறிவிட்டால் விட்டுவிடும்.

ஃபார்மட் பற்றி ஒரு வார்த்தை. 32 ஜி.பி.க்கு மேல் எக்ஸ்ஃபேட் போட்டால் விண்டோஸ் தானாக 128 கே.பி. கிளஸ்டர் வைக்கும்; குட்டி ஃபைலும் ஒரு கிளஸ்டரை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். லிப்ரே ஆபீஸ் மாதிரி ஃபைல் குவியலுக்கு அது அநியாயம்: 5,000 குட்டி ஃபைல் 640 எம்.பி.யைத் தின்னும். கையால் 32 கே.பி. கொடுத்தால் 160 எம்.பி. ஃபேட் 32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, அதனால் விட்டாயிற்று.

வாங்குவது பற்றியும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்குள் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டி முழுக் கொள்ளளவையும் நிரப்பிச் சோதிக்க வேண்டும். 8 ஜி.பி. சிப்பை 64 என்று பொய் சொல்ல வைக்கும் சரக்கு உண்டு. காப்பி செய்யும்போது தெரியாது, படிக்கும்போதுதான் தெரியும். 64 ஜி.பி.யை 15 எம்.பி. வேகத்தில் நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், படித்துப் பார்க்க மேலும் கொஞ்சம். இரவு சாப்பாட்டுக்கு முன் போட்டுவிட்டால் தூங்குவதற்குள் முடியும்.

பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை சிஸ்டம் என்றால் வேறு கணக்கு. டெம்ப்பை அழிப்பது என்றால் பெயரை அழிப்பதுதான். தடயம் டிஸ்க்கில் கிடக்கும். தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் கீலாக்கர் இருந்தால் எந்த என்கிரிப்ஷனும் காப்பாற்றாது. பேங்க் வேலை அங்கே வேண்டாம். போய் வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து அதே பெயரில் ஷார்ட்கட் நின்றால், கிளிக் செய்யாமல் 'அட்ரிப்' கட்டளையால் மறைவை எடுத்துவிட்டு ஷார்ட்கட்களை அழிக்க வேண்டும். எழுதுவதைத் தடுக்கும் ரைட் புரொடெக்ட் ஸ்விட்ச் உள்ள நெடாக் யு335 பென்டிரைவ் இதற்குத்தான் பட்டியலில் இருக்கிறது. டிரைவையே என்கிரிப்ட் செய்யும் வெராகிரிப்ட்டின் டிராவலர் முறையும் பார்த்தாயிற்று. டிரைவரை ஏற்ற அட்மின் கேட்கிறது, அதோடு கதை முடிந்தது.

லிப்ரே ஆபீஸுக்குத் தமிழ் ஃபான்ட் சங்கதி மட்டும் சுலபமாக முடிந்தது. அதன் 'ஷேர்' ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ், ட்ரூடைப் என்று போனால், அங்கே வைக்கும் ஃபான்ட் அந்த புரோகிராமுக்கு மட்டும் தெரியும். சிஸ்டத்தில் இன்ஸ்டால் வேண்டாம். யூனிகோடு இல்லாத பாமினி ஃபான்டில் அடித்த பழைய டாக்குமெண்டும் சரியாகத் திறக்கிறது, நோட்டோ சான்ஸ் தமிழும் அங்கேதான்.

அடுத்தது தண்டர்பேர்ட் மெயில் புரோகிராம். அங்கே மூட்டை முறை இடிக்கிறது: இன்பாக்ஸே 2 ஜி.பி. என்றால் ஒவ்வொரு முறையும் கட்டித் திருப்பி எழுத இரண்டு நிமிடம். மெயிலைச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் ஐமேப்பில் ஆஃப்லைன் காப்பியை அணைத்துத் தலைப்புகளை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் கனமானால் ஆர்.டி.எல்.9210பி சிப் உள்ள ஒரு எம்.2 பெட்டியும் (எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி.யில் மாட்ட உதவுவது) சின்ன எஸ்.எஸ்.டி.யும்தான் வழி. அதற்குள் ஃபயர்பாக்ஸ் பேட்ச் ஃபைலில் மிச்சம் ஒன்று: டெம்ப் இருக்கும் சி டிரைவில் இடம் இல்லாதபோது பாதியில் பிரித்துவிட்டு நிற்கிறது. திறக்கும் முன் காலி இடம் பார்க்கும் வரி இன்னும் சரியாக வரவில்லை. பேட்ச்சின் கணக்கு 32 பிட்டில் நடப்பதால் 2 ஜி.பி.யைத் தாண்டிய பைட் எண்ணைக் கொடுத்தாலே உதறுகிறது.