சுரங்கக் கூரையில் தொங்கிய பை

இங்கிலாந்தில் பழைய செங்கல் சுரங்கங்களைச் சோதிக்கும் வேலையில் எனக்கு அது முதல் ஆண்டு. ரயில் நின்றுபோன ஒரு சுரங்கம். விரிசல் தெரிய வேண்டுமே என்று கூரையைத் துணியால் துடைத்துக்கொண்டே போனேன். மெத்தென்று ஏதோ கையில் பட்டுக் கீழே விழுந்தது. நீர்த்துளி வடிவத்தில் ஒரு வெள்ளைப் பட்டுப் பை. பக்கத்துச் செங்கல்லில் பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு பெரிய சிலந்தி. உடம்பே ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். என் தலைவிளக்கின் வெளிச்சம் பட்டதும் மெல்ல ஒரு இடுக்குக்குள் ஒதுங்கியது.

கூட வந்த மூத்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இருநூறு, முந்நூறு குஞ்சு இருந்திருக்கும்" என்றார். என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை அன்று முழுக்க என்னை விடவில்லை.

அது ஐரோப்பியக் குகைச் சிலந்தி. மெட்டா மெனார்டி என்பது அறிவியல் பெயர்; 1804இல் லத்ரெய் என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்த இனம். 2012இல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிலந்தி'யாகத் தேர்வானது. குகையின் அடி ஆழத்தில் வாழும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் வாசலிலிருந்து கொஞ்சம் உள்ளே, வெளிச்சம் மங்கி முடிகிற இடம்தான் அதற்குப் பிடிக்கும். ஈரமும் அதிகம் மாறாத குளிர்ச்சியும் இருந்தால் போதும். பாதாளச் சாக்கடையில்கூட இருக்கும். வலை சிறியது, இழைகளும் குறைவு. அதை மட்டும் நம்பாமல் சுவரில் நடந்துபோய் மரவட்டை, நத்தை வகைகளையும் பிடித்துத் தின்னும்.

என்னை அசைத்தது வேறொன்று. இருட்டை விட்டு வராத இந்தச் சிலந்தியின் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடிப் போகின்றன! குகையை விட்டு வெளியேறி, நூல் விட்டுக் காற்றில் மிதந்து பரவுகின்றன. வளர வளர வெளிச்சம் பிடிக்காமல் போய், மறுபடி ஒரு இருட்டைத் தேடிக்கொள்கின்றன. இனம் புதுக் குகைகளுக்குப் போய்ச் சேர அந்தச் சின்ன வயது வெளிச்ச ஆசைதான் வழி.

அப்புறம் துணியை முதலில் எடுப்பதை விட்டுவிட்டேன். விளக்கைக் குறைத்து, கூரையைப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். அடுத்த குளிர்காலத்தில் அதே சுரங்கத்தில் இன்னொரு பை தொங்கியது. குறிப்பேட்டில் இடத்தை எழுதி, "தொட வேண்டாம்" என்று அடிக்கோடிட்டேன்.

வசந்தம் முடியும்போது திரும்பப் போனேன். பை காலியாகச் சுருங்கித் தொங்கியது. விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வளைவுக்கு அந்தப் பக்கம் வாசல் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. அவை போன திசை அதுதான்.