முதல் வழக்கு, மூன்று பிரதிகள், ஒரு நிச்சயச் சீட்டு

நேற்று மாகாண நீதி மேலாணையரிடமிருந்து முத்திரையிட்ட உத்தரவு வந்தது. கொலை வழக்கின் தீர்ப்பு உறுதியாகிவிட்டது. என் திருமணத்தைப் பற்றி எழுந்த புகாரும் தள்ளுபடி. நிம்மதிதான், ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. சோங் அரசின் தலைநகர் லின்ஆனில் அரசுப் பணித் தேர்வுப் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு, காலி இடத்துக்காகக் காத்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

1250-ஆம் ஆண்டுத் தேர்வில் தேறினேன். பட்டியலடியில் மாப்பிள்ளை பிடிக்க வண்டியோடு நின்ற செல்வந்தர்களிடம் சிக்காமல் ஃபூஜியானுக்குத் திரும்பினேன். பதவி உடனே கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஜியான்யாங்கில் ஓர் அச்சுக்கூடத்தில் பிழைதிருத்தும் வேலை கிடைத்தது. உரிமையாளரின் மகள் திரைக்குப் பின்னாலிருந்து மூலத்தை வாசிப்பாள். நான் அச்சுத் தாளில் சரிபார்ப்பேன். நாங்கள் சேர்ந்து திருத்திய நூல், நீதி அதிகாரி சோங் ட்ஸு 1247-இல் ஹுனானில் வெளியிட்ட சவப் பரிசோதனைக் கையேடு. காதல் மலரக்கூடிய புத்தகமா அது என்று கேட்காதீர்கள். ஒரு பக்கத்தில் வரி விட்டுப்போயிருப்பதை என்னைவிட முன்னால் அவள் கண்டுபிடித்தாள். அன்றே என் மனம் முடிவு செய்துவிட்டது. தரகர் வழியாக இரு வீட்டாரும் நிச்சயச் சீட்டு மாற்றிக்கொண்டோம். அதன் பிறகுதான் ஹுனானில் ஒரு மாவட்டத்தின் காவல் அதிகாரியாகப் பதவியேற்றேன். மகள் வாழப்போகும் ஊரிலேயே இருப்போம் என்று அவள் தந்தையும் அங்கே புத்தகக் கடை திறந்தார். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் நிச்சயம், பிறகு பதவி.

முதல் வழக்கு கோடையில் வந்தது. பணக்கார வீட்டு மருமகள் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று செய்தி. உத்தரவு கைக்கு வந்த நான்கு மணி நேரத்துக்குள் அதிகாரி புறப்பட்டாக வேண்டும். இரவுப் பொழுது மட்டும் கணக்கில் சேராது. வழியில் அந்த வீட்டுக்கு வேண்டிய படித்தவர் ஒருவரும் துறவி ஒருவரும் தேநீருக்கு அழைத்தார்கள். பரிசோதனைக்குப் போகும் வழியில் உள்ளூர்ப் பெரியவர்கள் யாரையும் சந்திக்காதே என்று கையேடு சொல்கிறது. நான் பல்லக்கை நிறுத்தவே இல்லை.

உள்ளே நாற்றம் தாங்கவில்லை. மூக்கில் எள்ளெண்ணெய் தடவி, வாயில் இஞ்சித் துண்டை அடக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். தள்ளி நிற்கும் அதிகாரியைத்தான் பரிசோதனை ஊழியர்கள் ஏமாற்றுவார்கள். என்னுடன் வந்த ஊழியர் “காயம் ஒன்றும் இல்லை ஐயா” என்று உரக்கச் சொல்லிவிட்டார். காடி வாடை தூக்கலாக அடித்தது. மஞ்சிட்டியைக் காடியில் கலந்து பூசினால் காயத் தழும்பு மறையும், அதிமதுரச் சாறு தடவினால் மீண்டும் தெரியும்: திரைக்குப் பின்னாலிருந்து அவள் இரண்டு முறை வாசித்துக் காட்டிய வரி அது. அதிமதுரம் கொண்டுவரச் சொன்னேன். கைகளில் பிடித்து அழுத்திய தடங்கள் மேலெழுந்தன.

கழுத்துத் தடம் அதைவிடத் தெளிவு. தானே தூக்கிட்டுக்கொண்டால் கயிற்றுத் தடம் காதுகளுக்குப் பின்னால் மேல்நோக்கி ஏறும், பிடரியில் ஒன்றுசேராது. இங்கே கழுத்தைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடிப் பிடரியில் குறுக்கே விழுந்திருந்தது. ஏணி போட்டு உத்தரத்தையும் பார்த்தேன். துடித்த உடலின் கயிறு என்றால் தூசி தாறுமாறாகக் கலைந்திருக்கும். அங்கே தூசியில் ஒரே ஒரு கோடு. இறந்தவளைத்தான் தூக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

வரிசை எண்ணிட்ட பரிசோதனைப் படிவத்தை மூன்று பிரதிகளாக எழுதினேன்: ஒன்று மண்டலத் தலைமையகத்துக்கு, ஒன்று நீதி மேலாணையருக்கு, ஒன்று இறந்தவரின் உறவினருக்கு. உறவினர் பிரதியைக் கணவன் வீட்டார் கேட்டு நச்சரித்தார்கள். நான் அதைப் பெண்ணின் தாயிடம் கொடுத்து, வரிசை எண்ணை அவர் காதுபட வாசித்துக் காட்டினேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

அண்டை மாவட்ட அதிகாரியின் மறுபரிசோதனையும் அதையே சொன்னது. கணவன் ஒப்புக்கொண்டான்.

தொல்லை அதற்குப் பிறகுதான். மண்டல விசாரணையில் அவன் வாக்குமூலத்தை மறுத்தான். மறுத்தால் வேறு அதிகாரிகள் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், அப்பாவிகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் பணமுள்ளவன் அதைக் காலத்தை இழுக்கப் பயன்படுத்துகிறான். புதிய விசாரணைக்குக் கோப்பைத் திறந்தால் என் படிவம் அதில் இல்லை! அங்கிருந்த எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “நீங்கள் அனுப்பியதாகப் பதிவில்லை” என்றார். மேலாணையர் அலுவலகத்துப் பிரதியைக் கேட்டு எழுதுங்கள் என்றேன். அது தன் வேலை இல்லை என்றார். மழையில் நனைந்து போன அந்தப் பயணம் முழுக்க வீண்.

அதே வாரத்தில் இன்னொரு அடி. ஆளுகைக்கு உட்பட்ட குடிமகளை நான் மணக்கப்போவதாகக் கணவன் வீட்டார் புகார் கொடுத்தார்கள். பதவியில் இருப்பவர் தம் பகுதிப் பெண்ணை மணக்கக் கூடாது. மணந்தால், பொது மன்னிப்பே வந்தாலும் தம்பதியைப் பிரித்துவிடுவார்கள். பதவிக்கு முன்பே நிச்சயமாகியிருந்தால் மட்டும் தடை இல்லை. பெண் வீட்டில் இருந்த என் சீட்டைக் காட்டினோம். அதே எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை வீட்டுச் சீட்டும் வேண்டும். தேதி ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்” என்றார். அது ஃபூஜியானில் என் தாயிடம் இருந்தது. ஆள் அனுப்பினேன். அது வந்து சேரும்வரை கடைத்தெரு வழியாகப் போவதையே நிறுத்திக்கொண்டேன். அவள் கடைப் பையனிடம் ஒரு துண்டுத் தாள் கொடுத்தனுப்பினாள்: “தாயிடம் கொடுத்த பிரதி என்ன ஆயிற்று? அதைக் கேளுங்கள்.” திருமணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் வாசித்துக் காட்டிய எண்ணை அப்படியே ஒப்பித்தார். “இதை வாங்க மூன்று பேர் பணத்தோடு வந்தார்கள், ஐயா. என் பிள்ளையைப் பற்றி அரசாங்கம் எழுதிய ஒரே தாள் இதுதான். கொடுப்பேனா?” என்றார். அவரையே தாளோடு விசாரணை அதிகாரி முன் நிறுத்தினேன். வரிசை எண், முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. கணவனால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

என் தாய் அனுப்பிய சீட்டும் வந்தது. இரண்டு சீட்டிலும் ஒரே தேதி. பதவியேற்புக்கு வெகு முன்னால். அறுவடை முடிந்ததும் திருமணம்.

நிச்சயச் சீட்டு இரண்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டே பதவியேற்கப் புறப்படுங்கள். கோப்பு கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அந்த எழுத்தர் இன்றும் அதே இருக்கையில்தான் இருக்கிறார்.