கொலுசு கிடைக்கேல்ல எண்டு சொன்ன வெப்சைட்

ரெண்டு மாசமா என்னைப் போட்டு வாட்டின வேலை ஒண்டு போன கிழமைதான் முடிஞ்சுது. இதே சிக்கல்ல வேற ஆரும் மாட்டியிருந்தா உதவும் எண்டு எழுதிறன்.

நான் கொழும்பில, வெள்ளவத்தையில, வீட்டில இருந்துதான் வெப்சைட் டிசைன் பண்றன். ஒஃபிஸ் எண்டா சாப்பாட்டு மேசையின்ர ஒரு பக்கம்தான், மற்றப் பக்கம் மகளின்ர கொப்பியள், நடுவில அம்மா பயத்தங்காய் முறிச்சுக்கொண்டு இருப்பா. கடற்கரைப் பக்கம் கோச்சி போகேக்க கோல்ல இருக்கிறவை என்ன சத்தம் எண்டு கேப்பினம், அதெல்லாம் பழகிட்டுது.

இந்த முறை வந்தது செட்டியார் தெரு நகைக்கடை ஒண்டு. சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூண்டும் வேணுமாம். முதலாளி தந்த தமிழ் ஃபைல் முழுக்கப் பாமினியில, அதாவது அந்த ஃபொண்ட் கம்ப்யூட்டர்ல இருந்தாத்தான் தமிழ், இல்லாட்டி வெறும் இங்கிலிஷ் எழுத்துக் குப்பை. கொன்வேர்ட்டர்ல போட்டு, எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியிற யூனிகோடுக்கு மாத்தினன், வடிவா வந்துது, நானும் அந்தப் பக்கம் முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொண்டு கலர் பாக்கப் போயிட்டன். அதுதான் நான் விட்ட பிழை.

கடைக்குப் போய்க் காட்டின அண்டு முதலாளி தன்ர போன்ல தேடுற இடத்தில "கொலுசு" எண்டு அடிச்சார். ஒண்டுமே வரேல்ல. அதே பேஜ்ல கொஞ்சம் கீழ போனா கொலுசுப் படம் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்குது. "என்ன பிள்ளை, கண்ணாடிப் பெட்டியில இருக்கிற சாமானையே உன்ர வெப்சைட் இல்லையெண்டுது" எண்டு சிரிச்சார், அவர் ஏசியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வெக்கமா இருந்திருக்காது. காப்பு தேடினா வருது, சங்கிலி வருது, மோதிரமும் தோடும் இல்ல.

ரெண்டு இரவு புரோகிராமைத் தோண்டினன், ஒரு பிழையும் இல்ல. மூண்டாம் நாள் பின்னேரம் மகள் எனக்கு முன்னால இருந்து உறுப்பெழுத்து எழுதுறா, வாயால சொல்லிச் சொல்லி, "கொம்பு, கானா, அரவு... கொ". எனக்குப் பொறி தட்டிச்சு. கொலுசு, மோதிரம், தோடு எல்லாத்திலயும் முன்னால ஒரு கொம்பு (ெ, ே), பின்னால ஒரு அரவு (ா)!

உடன முதலாளி அடிச்ச கொலுசையும் என்ர டேட்டாபேஸில இருந்த கொலுசையும் பிரிச்சுப் பாத்தன். போன் கீபோர்டில அடிச்ச "கொ"வில ரெண்டு குறிதான், ககரமும் ஒகரக் குறியும். என்ர பக்கம் மூண்டு, ககரம், கொம்பு, அரவு தனித்தனியா. பாமினியில கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கில கொம்பைத்தான் முதல்ல அடிக்கிறது, கொன்வேர்ட்டர் அந்தக் கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால வைச்சதோட சரி, அரவோட ஒட்டேல்ல. திரையில ரெண்டும் அச்சொட்டா ஒண்டு, ஆனா தேடுற புரோகிராமுக்கு ரெண்டும் வேற வேற சொல்லு. ஜாவாஸ்கிரிப்ட்ல நோர்மலைஸ் எண்டு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதை, பிரிஞ்சு நிக்கிற குறியளை ஒண்டாச் சேர்க்கிற என்எஃப்சி எண்ட முறையில வைச்சு டேட்டாவுக்கும் தேடுற சொல்லுக்கும் ரெண்டு பக்கமும் போடுங்கோ, சரியாகும். ஒரே ஒரு வரி. அதுக்குத்தான் நான் நித்திரை முழிச்சது.

எல்லாத்தையும் அது திருத்தாது. "கௌரி"யில ஔகாரக் குறிக்குப் பதிலா ளகரம் போட்டிருந்தா கையாலதான் மாத்தவேணும். அம்மா தமிழ் ரீச்சரா இருந்து பென்ஷன் எடுத்தவ, எல்லாத்தையும் பிரின்ட் எடுத்துத் தா எண்டு வாங்கி சிவப்புப் பேனையோட இருந்தா. "முத்துச்சாம் எண்டா என்னடி? ஆரும் செத்தவையோ?" பாத்தா முத்துச்சரம். டைப் பண்ணின பிள்ளை ரகரத்துக்கு அரவை அடிச்சு விட்டிருக்கு, இப்பிடி எத்தினையோ.

மிச்சம் வழமையான தலையிடிதான். இங்கிலிஷ் பட்டனுக்குள்ள தமிழ் அடங்காது, "எங்களுடன் தொடர்புகொள்ளவும்" எண்டது போன்ல ரெண்டு வரிக்குப் போய் "தொடர்பு" ஆச்சு. வரிக்கு வரி இடைவெளியும் இங்கிலிஷை விடக் கூடக் குடுக்கவேணும், இல்லாட்டி மேல் வரியின்ர உகரச் சுழி கீழ் வரியின்ர இகர விசிறியில (ி) போய் இடிக்கும்.

எனக்கு ஆசையா இருந்தது வேற ஒண்டு. கடை லாச்சிக்குள்ள ஒரு பழைய பில் புத்தகம் கிடந்துது, ஈய அச்சு. அதில "விலை" எண்டதில ஐகாரக் குறி லகரத்துக்கு மேல யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சு நிக்குது, தமிழ்நாட்டில 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்தாப்பிறகு மெல்ல மெல்லக் காணாமப் போன எழுத்து. யூனிகோடில பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே குறிதான், வடிவம் ஃபொண்டின்ர வேலை. அதால போனில படம் எடுத்துக் கொண்டுவந்து, வளைவைக் கையால கீறி, விலைச் சீட்டு மாதிரி ஒவ்வொரு நகைக்குக் கீழயும் வைச்சன். முதலாளி கனநேரம் பாத்துக்கொண்டு இருந்திட்டு, அப்பான்ர காலத்துப் புத்தகம் எண்டு மட்டும் சொன்னார்.

மகள்தான் ஒத்துக்கொள்ளேல்ல. "அம்மா, லை பிழை, ரீச்சர் வெட்டுவா" எண்டா. "நான் படிக்கேக்க இதுதான்டி சரி" எண்டு அம்மம்மா சிவப்புப் பேனையோட எழும்பி வந்தா. சண்டை இன்னும் முடியேல்ல.