பூஜ்ஜியத்தில் முடியும் எண்கள்

பிப்ரவரி 9
எங்கள் ரத்த அழுத்த மருந்து ஆய்வின் தரவுத்தளத்தைப் பூட்டும் நாள், அதாவது அதன்பின் எண்களை மாற்ற முடியாத நாள், மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது.

பிப்ரவரி 10
மூன்றாவது மையத்தின் படிவங்கள் வந்தன. 150, 140, 160, மீண்டும் 150. பாதரசக் கருவியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருப்பதால், பூஜ்ஜியத்தில் முடியும் எண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வர வேண்டும்; இங்கே பக்கம் முழுவதும் பூஜ்ஜியங்கள். ஆய்வில் சேர 140 வேண்டும் என்ற விதி இருக்கும்போது, 136ஐ 140 என எழுதுவது நோயாளியை உள்ளே விடுவதற்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வருகையில் சரியாக அளந்தாலே, எந்த மருந்தும் வேலை செய்யாமல் அழுத்தம் குறைந்ததாகத் தெரியும்.

பிப்ரவரி 12
இரு குழுக்களிலும் ஒரே மாதிரி நிகழும் சீரற்ற பிழை, சராசரிகளுக்கிடையேயான வேறுபாட்டைத் திரிப்பதில்லை, மங்கலாக்க மட்டுமே செய்கிறது. பிழையின் மாறுபாடு நோயாளிகளுக்கிடையேயான உண்மையான மாறுபாட்டுக்குச் சமமாகிவிட்டால், அதே வேறுபாட்டைக் கண்டறிய இரு மடங்கு நோயாளிகள் தேவைப்படுவார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் பல மாதங்கள் மாத்திரை விழுங்கி, வெயிலில் பேருந்து பிடித்து வந்து போகிற மனிதர்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மூன்று முறை அளந்து சராசரி எடுப்பதற்கு அவ்வளவு சோம்பல் ஏன்?

பிப்ரவரி 13
இன்றும் பூஜ்ஜியங்கள்தான்.

பிப்ரவரி 17
சிறுநீரக நரம்புகளைச் சுட்டு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையின் கதையை மீண்டும் படித்தேன். 2010இல் சிம்ப்ளிசிட்டி ஹெச்.டி.என்-2 ஆய்வில், யாருக்கு என்ன சிகிச்சை என்பது மறைக்கப்படாத 106 பேரிடம், குழுக்களுக்கிடையே 33 மி.மீ. வேறுபாடு தெரிந்தது. 2014இல் வெளிவந்த ஹெச்.டி.என்-3இல் 535 பேர். ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிச் சிகிச்சை. சிகிச்சை பெற்றவர்களிடம் அழுத்தம் சுமார் 14 மி.மீ. குறைந்தது, போலிச் சிகிச்சை பெற்றவர்களிடம் சுமார் 12, வேறுபாடு 2.39 மட்டுமே. நரம்புகள் முழுமையாகச் சுடப்படவில்லை என்ற வாதமும் உண்டு, பிந்தைய ஆய்வுகள் சிறிய அளவிலான உண்மைக் குறைவைக் காட்டவும் செய்தன, 2023இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனாலும் போலிச் சிகிச்சைக் குழுவின் அந்த 12தான் என்னைத் தூங்கவிடவில்லை.

பிப்ரவரி 18
அளந்தவர் யார்? படிவத்தில் கையொப்பம் இருக்கிறது. அதே கையொப்பம்தான் பக்கவிளைவுப் பக்கத்தில் "கணுக்கால் வீக்கம்" என்ற வரிக்குக் கீழும் இருக்கிறது. எங்கள் ஆய்வில் ஒரு குழுவுக்குத் தரப்படும் அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தைச் சாப்பிடுபவர்களுக்குக் கால் வீங்கும் என்பது எந்தச் செவிலியருக்கும் தெரியும். வீங்கிய காலைப் பார்த்த அதே கண், அடுத்த நிமிடம் பாதரசம் இறங்குவதைப் பார்க்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலி 142க்கும் 138க்கும் இடையில் எங்கோ தொடங்கும்போது, எந்த எண் எழுதப்படும்? யாருக்கு எந்த மருந்து என்ற ரகசியம் உறையில் பத்திரமாக இருக்கிறது, அளக்கும் இடத்தில் இல்லை. இதை எத்தனை நோயாளிகளைச் சேர்த்தாலும் சரிசெய்ய முடியாது, ஏனெனில் இந்தப் பிழை ஒரு குழுவின் பக்கமாகவே சாய்கிறது.

பிப்ரவரி 19
தூக்கமில்லை.

பிப்ரவரி 23
தலைமை மருத்துவருக்கு எழுதிவிட்டேன். 24 மணி நேரமும் ரத்த அழுத்தத்தைத் தானாக அளக்கும் கருவி அணிந்த நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு, ஒவ்வொரு குழுவிலும் படிவ எண் எவ்வளவு விலகுகிறது என்பதைத் தனித்தனியே மதிப்பிட வேண்டும். அதற்கான பகுப்பாய்வுத் திட்டம், யார் எந்தக் குழு என்பது நமக்குத் தெரியும் முன்பே எழுதிக் கையொப்பமிடப்பட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு செய்யும் திருத்தத்தை யாரும் நம்பத் தேவையில்லை, நானும் நம்பமாட்டேன்.

பிப்ரவரி 25
மூன்றாவது மையத்தின் 24 மணி நேரப் பதிவுகள் இன்னும் வரவில்லை.