பச்சைத் துணிக் கீற்றுகள்

டொராண்டோவில் ஓர் உக்ரைனியத் தேவாலயத்தின் அடித்தள மண்டபம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மீன்பிடி வலை. சுற்றிலும் பெண்கள் நின்று அதில் துணிக் கீற்றுகளை முடிந்துகொண்டிருந்தார்கள்.

போர்முனையில் பீரங்கிகளையும் பதுங்குகுழிகளையும் ட்ரோன்களின் பார்வையிலிருந்து மறைக்கப் போகும் வலை அது.

வெள்ளைக் கீற்றுகள் ஒரு மூட்டையாக ஓரத்தில் கிடந்தன.

"அவை பனிக்காலத்துக்கு. இப்போது அங்கே மரங்கள் துளிர்த்துவிட்டன, பச்சையும் பழுப்பும்தான் வேண்டும்" என்றார் ஒரு பாட்டி.

அவர் கனடாவிலேயே பிறந்தவர். ஆனாலும் அந்த மண்ணின் பருவம் அவருக்கு விரல்நுனியில் இருக்கிறது!

உக்ரைனியர்கள் கனடாவில் குடியேறத் தொடங்கியது 1891இல். இன்று அந்த வம்சாவளியினர் 12 லட்சத்துக்கும் மேல். 2022க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம். பாட்டிக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த இளம்பெண் கார்கிவிலிருந்து வந்தவள். அவளுடைய அண்ணன் இன்னும் போர்முனையில் இருக்கிறான்.

இவ்வளவு தூரத்திலிருந்து என்ன செய்துவிட முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி கோபத்தைத்தான் தருகிறது. அந்த அண்ணனின் தலைக்கு மேலே இப்படி ஒரு வலை விரிந்திருக்கலாம்.

பழைய பருத்தி விரிப்புகள் வேண்டுமாம். டொராண்டோ நண்பர்களே, வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.