மொட்டைமாடிப் பிறந்தநாள்: பிப்ரவரி நாட்குறிப்பு

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

சின்னவளுக்கு 13ஆம் தேதி 7 வயது நிறைகிறது. அத்தை காலைக் காபியோடு ஆரம்பித்துவிட்டார். "போன வருஷமும் வீட்டோட முடிச்சிட்டே. இந்த வருஷம் ஒரு மினி ஹால் பிடிச்சு எல்லாரையும் கூப்பிடணும்மா." எல்லாரும் என்றால் எர்ணாவூர், வியாசர்பாடி, பொன்னேரி சொந்தங்கள், இவருடைய ஆபீஸ், அது போக தெருவில் பாதி.

தண்டையார்பேட்டையில் இப்படி நடக்கும் விழாக்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். பத்திரிகையில் ஆறு மணி என்று இருக்கும். பிள்ளைகள் ஆறுக்கே வந்துவிடும். கேக் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெரியப்பா பேசின் பிரிட்ஜ் தாண்டிவிட்டாராம், இதோ வந்துவிடுவாராம். எட்டரைக்கு வெட்டும்போது பாதிப் பிள்ளைகள் தூக்கத்தில், மீதி சண்டையில். பிறந்தநாள் குழந்தை குத்துகிற நெட் கவுனோடு அழுதுகொண்டே போட்டோவுக்கு நிற்கும். அப்புறம் பந்தி. பெரியவர்களுக்கு அங்கே எல்லாம் உண்டு, பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றும் கிடையாது.

பிள்ளைகளுக்கு ஒரு நாள், சொந்தங்களுக்கு ஒரு நாள் என்று பிரித்துவிடலாம் என்றேன். "ரெண்டு செலவா?" என்றார். மண்டப வாடகையை விட்டாலே இரண்டும் அதற்குள் அடங்கிவிடும் என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை. யோசிக்கிறார் என்று அர்த்தம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தேதி முடிவானது. பிள்ளைகளுக்கு 16ஆம் தேதி ஞாயிறு, எங்கள் மொட்டைமாடியில், மாலை 4:30 முதல் 6:30 வரை. இந்த மாதத்தில் ஆறேகாலுக்கு மேல் பொழுது சாய்ந்துவிடும், லைட் கட்டும் வேலை மிச்சம். மறுநாள் பள்ளியும் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் ஏழு வயசுக்காரர்கள் காரணமே இல்லாமல் அழ ஆரம்பிப்பார்கள்.

முடியும் நேரத்தையும் வாட்ஸ்அப் அழைப்பில் போட்டேன். "வரவங்களை எப்ப கிளம்புவீங்கன்னு கேக்குற மாதிரி இருக்கே" என்றார் இவர். இருக்கட்டும். கூட்டிப்போக வரும் அம்மாக்களுக்கு அந்த நேரம்தானே வேண்டும்.

சொந்தங்களுக்கு 23ஆம் தேதி மதியச் சாப்பாடு. அன்று துபாயில் இந்தியா–பாகிஸ்தான், சாம்பியன்ஸ் டிராபி, இரண்டரைக்கு ஆரம்பம். அந்த நாளில் பிள்ளைகளை அழைத்தால் கூட்டிப்போக ஓர் அப்பாவும் வரமாட்டார். சொந்தங்களுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

பிப்ரவரி 6, வியாழன்

யாரைக் கூப்பிடுவது? வகுப்பில் எல்லோரையும் என்றாள் சின்னவள். நானோ பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற அளவுக்குத்தான் என்றேன். மாடியில் ஒரு பிள்ளை கைப்பிடிச் சுவர் பக்கம் போனால் "ஏய் பாப்பா" என்று கத்தினால் எல்லாப் பாப்பாவும் திரும்பும், போகிறது மட்டும் திரும்பாது. ஆக 12 பேர். கூட வரும் தம்பி தங்கைகளுக்காக 16 பேருக்குக் கணக்கு.

ஒவ்வொரு அம்மாவிடமும் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, எது சாப்பிட மாட்டீர்கள் என்று போனில் கேட்டுவிட்டேன். ஒரு பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. சௌகார்பேட்டையிலிருந்து வரும் பெண் ஜைன வீடு. முட்டை இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை. ராயபுரத்துப் பையன் ஹலால் இறைச்சிதான் சாப்பிடுவான். எல்லாம் சைவம், கேக்கில் முட்டை கிடையாது என்றதும் பாதிக் கவலை தீர்ந்தது. பிரியாணி இல்லாமல் விழாவா என்று கேட்பவர்கள் 23ஆம் தேதி வரட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொழுந்தனார் வந்தார், யோசனைகளோடு.

"அண்ணி, தெருமுனையில ஒரு பேனர் போட்டுடலாம். பாப்பா போட்டோ, சுத்தி நம்ம எல்லார் போட்டோவும்." 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன பெண் உயிரிழந்ததை ஞாபகப்படுத்தினேன். அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்தது பஞ்சு மிட்டாய் மெஷின். துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயம் அதில் இருந்தது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்கே தடை போட்டதே, மறந்துவிட்டீர்களா என்றேன். "அப்ப புகை பிஸ்கெட்?" அதில் ஊற்றுவது திரவ நைட்ரஜன். வாய்க்குள் போனால் குடலையே ஓட்டையாக்கிவிடும். 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்ததும் அதைத்தான்.

கேஸ் பலூனும் ஸ்னோ ஸ்பிரேயும் மிச்சம் இருந்தன. மலிவாகக் கிடைக்கும் கேஸ் பலூனில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான். மெழுகுவர்த்தி பக்கத்தில் போனால் குபீரென்று பற்றும். ஸ்பிரே டப்பாவுக்குள் இருப்பதும் எரிகிற வாயு. கேக்கைச் சுற்றி நின்று, எரிகிற திரிக்கு நேராக அதை அடிக்கிறோம், பிள்ளைகள் தலைமுடி அங்கேதான் இருக்கிறது! வாயால் ஊதிக் கட்டும் பலூன் போதும். வெடித்த துண்டுகளைப் பொறுக்கும் வேலையை அவரிடமே கொடுத்தேன். கைக்குழந்தைகள் அதைத்தான் முதலில் வாயில் போடும்.

"அண்ணி, நீங்க ஃபயர் சர்வீஸ்ல இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச விடுமுறை. மெட்ரோ பிடித்து மண்ணடியில் இறங்கி நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைக் கடைகளில் பாதி மூடியிருக்கும், விடுமுறை வாரநாள்தான் வசதி. ஆண்டர்சன் தெருவில் கலர் பேப்பரும் சாக்பீஸும் வாங்கினேன். அப்புறம் ஈவ்னிங் பஜார் பக்கம் பாக்குமட்டைத் தட்டு, பேரம் பேசி ஸ்கிப்பிங் கயிறுகள். பிளாஸ்டிக் பூசிய தட்டும் தெர்மாகோல் தட்டும் 2019 ஜனவரியிலிருந்து தடை. ஆனாலும் கேட்டால் எடுத்து நீட்டுகிறார்கள்.

ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு ஜிகினாப் பெட்டி வேண்டாம். சின்ன மஞ்சப்பையில் ஒரு கயிறு, சாக்பீஸ், ஒரு பென்சில். மறுநாள் உடையும் கார் பொம்மையைவிட இது மேல். பை அந்த வீட்டில் காய்கறிக்காவது ஆகும்.

பிப்ரவரி 13, வியாழன்

பிறந்தநாள். காலையில் கேசரி, திருவொற்றியூர் கோயிலில் அர்ச்சனை, வகுப்புக்கு மிட்டாய். அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, சனி

விளையாட்டுகளை இன்று வரிசைப்படுத்தினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வரப்போவதில்லை. அதனால் முதல் அரை மணிக்கு எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்கிற மாதிரி தரையில் சாக்பீஸ் ஓவியம், இரண்டு கேரம் போர்டு. புது வண்ணாரப்பேட்டை காசிமா போன நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து எங்கள் தெருப் பெண் பிள்ளைகளும் ஸ்டிரைக்கரை விடுவதில்லை.

அப்புறம் ஓடும் ஆட்டம்: கொலை கொலையா முந்திரிக்கா, லெமன் ஸ்பூன். மியூசிக்கல் சேரில் ஒரு மாற்றம். நாற்காலி மட்டும் குறையும், ஆள் வெளியேற மாட்டார்கள். இருக்கிற நாற்காலிகளில் எல்லோரும் இடித்துப்பிடித்து உட்கார வேண்டும். பழைய முறையில் முதலில் வெளியேறும் குழந்தை மீதி நேரமெல்லாம் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஜெயித்தவருக்குத் தனிப் பரிசும் கிடையாது, அடுத்த ஆட்டம் என்ன என்று சொல்லும் உரிமை உண்டு. ஐந்தரைக்கு கேக், யார் வந்தாலும் வராவிட்டாலும். கடைசியில் உட்கார்ந்த இடத்தில் பல்லாங்குழி, விடுகதை. ஓடி வியர்த்த சூட்டோடு வீட்டுக்கு அனுப்பினால் அங்கே போய் ஆடுவார்கள்.

எதிர்வீட்டுத் தம்பி ஸ்பீக்கர் பாக்ஸ் தருகிறேன் என்றான். "இன்னாக்கா, சவுண்டே இல்லாம ஒரு ஃபங்ஷனா?" கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மார்ச் 3 பிளஸ் டூ தேர்வு என்றேன். அவன் அக்காவும் பிளஸ் டூதான், உடனே புரிந்துகொண்டான்.

பிப்ரவரி 16, ஞாயிறு, இரவு

12க்கு 15 பேர் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி ஏணியைக் காலையிலேயே கீழே இறக்கிவிட்டோம். படிக்கட்டுக் கதவில் பெரியவனை நிறுத்தினேன், ஒன்பதாம் வகுப்பு. பதவி கொடுத்ததும் அவன் காட்டிய கெடுபிடியில் என்னையே இரண்டு முறை விசாரித்துத்தான் விட்டான்.

சாக்பீஸ் ஓவியம் நான் நினைத்ததைவிட நீண்டது. ஒருவன் மெட்ரோ தண்டவாளம் போட்டான், இன்னொருத்தி ஒவ்வொரு ஸ்டேஷனாக எழுதினாள், விம்கோ நகரிலிருந்து மண்ணடி வருவதற்குள் மாடி முடிந்துவிட்டது. லெமன் ஸ்பூனை நானே வெட்டிவிட்டேன். நன்றாகப் போவதை நிறுத்தி அடுத்ததைத் திணிப்பானேன்?

ஐந்தரைக்கு கேக். கடல்காற்று மெழுகுவர்த்தியை நிற்கவிடவில்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது, அணைய அணையப் பிள்ளைகள் கத்தினார்கள். கடைசியில் எல்லோரும் சுற்றி நெருக்கி நின்று மறைத்தார்கள், அதற்குள் அவளுக்குமுன் வேறொருவன் ஊதிவிட்டான். சின்னவள் அவனை ஒரு முறை முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள்.

சாப்பாட்டில் பொடி தடவிய மினி இட்லி பறந்தது. உருளைக்கிழங்கு கட்லெட்டை வெங்காயம் போடாமல் எல்லோருக்கும் ஒன்றாகவே செய்திருந்தேன், யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரைக் கிலோ கேக் பெரியவர்கள் உட்பட எல்லோருக்கும் போய் மிஞ்சியது. ரோஸ் மில்க்கை 100 மி.லி. டம்ளரில் கொடுத்தது நல்லது. பெரிய டம்ளரில் கொடுத்தால் பாதி குடித்து, பாதி சட்டையில்.

ஒரு பையன் மட்டும் கேரமில் தோற்றதற்கு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான். அத்தைதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பல்லாங்குழியை எடுத்து வைத்தார். அவன் ஜெயிக்கும்வரை விட்டுக்கொடுத்து ஆடினார். மினி ஹாலில் அத்தைக்கு அந்த இடம் கிடைத்திருக்காது, வரவேற்பில் நின்றிருப்பார்.

ஆறே முக்காலுக்கு மாடி காலி.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடியும்முன் இவரும் கொழுந்தனாரும் காசிமேடு போய் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி வந்தார்கள். ஒன்றரைக்குள் பந்தி முடிந்தது, இரண்டரைக்கு டிவி. உடன் வந்த பிள்ளைகளை கேரம் போர்டோடு மாடிக்கு அனுப்பினேன், பெரியவன் மறுபடி கதவில். பாகிஸ்தான் 241. இடைவேளையில் ஒரு சின்ன கேக், பெரியப்பா முன்னிலையில், ஐந்து நிமிடத்தில்.

ஜெயிக்க வைத்த பவுண்டரியிலேயே கோலிக்கு நூறும் வந்தபோது வீடே அதிர்ந்தது. சொந்தங்கள் வயிறும் மனசும் நிறைந்து கிளம்பினார்கள். அத்தை வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து சொன்னார்: "அடுத்த வருஷமும் முதல்ல மேட்ச் எப்பன்னு பாரு, அப்புறம் தேதி வைக்கலாம்."