இன்னிக்கு மெஷின் சரியில்ல தம்பி

பக்கவாதம் வந்தவர்களை நடக்கப் பழக்குவது என் வேலை. முன்பெல்லாம் ஒருவர் பின்னால் நின்று நோயாளியின் இடுப்பைப் பிடிக்க, நான் உருளும் ஸ்டூலில் உட்கார்ந்து விழுந்துபோன காலை அடிக்கு அடி தூக்கி வைப்பேன். உடலில் மாட்டி நடக்கும் ரோபோ எங்கள் மையத்துக்கு வந்தபோது, சத்தியமாக, என் முதுகுவலியைத்தான் முதலில் நினைத்தேன்.

முதல் நாளே, அதை மாட்டிக்கொள்ள வந்த ஐயா ஒருவரின் வேட்டி மறித்தது. தொடை, கெண்டைக்கால், வயிறு என்று பட்டைகள் இறுக வேண்டுமே! மறுநாள் ஐயா பேரனின் டிராக் பேண்ட்டில் வந்தார். அளவெடுக்கவே பாதி நேரம் போனது. அதில் அவசரம் கூடாது. இயந்திரத்தின் மூட்டு ஓரிடத்திலும் மனிதரின் முழங்கால் வேறிடத்திலும் மடங்கினால் தோல் உரசும். உணர்ச்சி குறைந்த காலில் புண் வருவதே தெரியாது.

மூன்றாவது வாரம் திரையில் அடிக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. மகன் போனில் வீடியோ எடுத்தார். அப்புறம் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னேன். அதே பழைய நடை: இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாக வீசி.

"அதான் மெஷின் தூக்குதே தம்பி, நான் எதுக்குத் தூக்கணும்?"

அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. உதவி கிடைத்தால் உடல் தன் முயற்சியைக் குறைத்துக்கொள்ளும். ஜப்பானில் யோஷியுகி சன்காய் உருவாக்கிய 'ஹால்' (HAL) என்ற இதேபோன்ற ரோபோ, காலை அசைக்க முயலும்போது எழும் மெல்லிய மின்சமிக்ஞையைத் தோல் வழியே படித்துத்தான் உதவிக்கு வரும். எங்களுடையது எடை ஒரு பக்கம் சாய்ந்ததுமே அடி எடுத்து வைத்துவிடும். கையால் தூக்கிய காலத்தில் அவர் எவ்வளவு தருகிறார் என்பது என் உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். இங்கே அதைத் திரையில் தேட வேண்டியிருந்தது; நானோ அடிக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது.

மறுநாள் சொல்லாமல் உதவியின் அளவைக் குறைத்தேன். கால் பாதியில் தயங்கியது. ஐயா பல்லைக் கடித்தார். டிராக் பேண்ட் நனைய வியர்த்தது. வழக்கத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை.

"இன்னிக்கு மெஷின் சரியில்ல தம்பி. ஆள் வரச்சொல்லிப் பாருங்க."

"சரிங்க ஐயா" என்றேன். பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்: நாளை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.